பெருங்கதவு இடம் மாறியது குறித்து ஓடைமங்கலத்து நாச்சியார் விடுத்த ஓலை

வானம் பொய்யாது மடை வற்றாது விளங்கும் தாழைநாட்டின் தலைவரும், கடல்முகக் கோட்டையைக் காத்து நின்றவரும், வடவெல்லைப் போரில் வாகை சூடியவரும், நாரைக்கொடி உயர்த்திய கோநெடுமார்பரின் திருமகனாரும் ஆகிய அரசர் பெருமான் தாழைமார்பர் திருமுன்பு, அன்னாரின் தந்தையுடன் பிறந்த தங்கையும், மறைந்த படைத்தலைவர் வேள் ஆதனாரின் தேவியும், ஓடைமங்கலத்துப் பெருமாளிகையில் இருப்பவளுமாகிய இளநங்கைப் பிராட்டி தன் கைப்பட எழுதி விடுக்கும் ஓலை.

தங்கள் குடை நிழல் குளிர்ந்திருக்க. தலைநகரத்து வீதிகளில் விழவொலி குறையாதிருக்க. பட்டத்து யானைக்குக் கால் வீக்கம் வடிந்திருக்க. பட்டத்தரசியார்க்குக் குமட்டல் தணிந்து உணவு செல்க. மூன்றாம் திங்களில் அப்படித்தான் இருக்கும், எலுமிச்சை ஊறுகாயை நாவில் வைத்தால் நிற்கும். அரசியார் கருவுற்ற செய்தியை எனக்கு எவரும் எழுதவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுதாமலே தெரிந்துகொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இவ்வோலையை ஓலைநாயகத்தைக் கொண்டு எழுதுவிக்காமல் நானே எழுத்தாணி பிடித்ததற்குக் காரணம் உண்டு. அவர் நல்லவர். ஆனால் நான் சொல்வதில் பாதியை மரியாதை கருதி விட்டுவிடுவார். விட்ட பாதியில்தான் செய்தி இருக்கும். சென்ற ஆடியில் இதே பொருள் பற்றி அவர் கையால் ஓர் ஓலை விடுத்தேன். அதற்கு மறுமொழியாகத் தலைநகரிலிருந்து ஒரு பட்டும் ஒரு பலாப்பழமும் வந்து சேர்ந்தன. பட்டு நல்ல செந்நிறம். கைம்பெண் உடுக்கும் நிறம் அன்று. பலா இனித்தது. ஆயினும் தனியாக இருப்பவள் ஒரு முழுப் பலாவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பதை அனுப்பியவர்கள் சற்றே எண்ணிப் பார்த்திருக்கலாம்.

மருமகனே, இம்மாளிகையைத் தாங்கள் சிறு பிள்ளையாய் இருந்தபோது பார்த்ததோடு சரி. ஆதலால் அதன் பெருங்கதவைப் பற்றி முதலில் நினைவூட்டுகிறேன். நான் மணமாகி இவ்வூர் வந்தபோது தங்கள் பாட்டனார், அதாவது என் தந்தையார், தம் நாரை முத்திரையைப் பலகையிலேயே செதுக்குவித்துச் சீராகத் தந்த தேக்குக் கதவு அது. என் தலைவர் போரில் மறைந்த பின், நம் குல மரபுப்படி அது அடைக்கப்பட்டது. என் உடல் வெளியேறும் நாளில்தான் அது மறுபடி திறக்கப்படும் என்பது ஊரறிந்த செய்தி. அதுவரை பால்காரியும் விறகுக்காரனும் பின்சந்தில் வருவார்கள். நான் எங்கும் போவதில்லை. கருமம் முடிந்த மறுநாள் தங்கள் தந்தையார் எனக்கு ஒரு செப்பேடு தந்தார். இளநங்கை தன் பெருங்கதவைக் கடத்தல் ஆகாது என்றும், அக்கதவுக்கு உட்பட்ட இடத்தில் எல்லாம் இளநங்கையின் சொல்லே ஆணை என்றும், அதற்கு அப்பால் ஓடைமங்கலத்துத் தருமாசனத்தின் சொல்லே ஆணை என்றும் அதில் பொறித்திருக்கிறது. அடைத்து வைத்ததற்கு ஈடாக ஆட்சி கொடுத்தார், பாவம். ஆள்வதற்கு எனக்குச் சில சமையற்காரிகளும், தத்தை என்னும் பணிப்பெண்ணும், ஒரு கிழக் குதிரையும் இருந்தன. இப்போது குதிரை இல்லை.

எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மேல்மாடத்துச் சாளரம், வழக்குத் தீர்க்கும் தருமாசன மண்டபத்தின் முற்றத்தையும் அதை ஒட்டிய காவற்கொட்டிலையும் பார்த்தவாறு கட்டப்பட்டிருக்கிறது. எனக்குக் கண் இருக்கிறது. பகல் நீளமாக இருக்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.

அவ்வாறு என் கண்ணில் பட்ட வழக்கு இது.

ஓடைமங்கலத்து வாய்க்கால் நீர், முறை வைத்துப் பாய்வது தாங்கள் அறிந்ததே. மழை பின்தங்கிய ஓர் ஆண்டில், கடைமடைக்காரர்களின் முறை நாளன்று வாய்க்கால் கரை வெட்டப்பட்டு, நீர் முழுதும் ஆராவமுதக் கிழாரின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்விட்டது. இக்கிழார் இவ்வூரின் பெருஞ்செல்வர். பெயர் மட்டும் அமுதம். வெட்டிய இடத்தில் மண்வெட்டியோடு சேற்றில் நின்றவள் அவருடைய கொடிக்காலில் கூலிக்கு உழைக்கும் ஒச்சாயி என்பவள். அதிகாரிகள் கேட்டபோது, கிழார் வெட்டச் சொன்னார், வெட்டினேன் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். கிழாரோ, தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்றும், தம் பயிர் வாடுவதைக் காணப் பொறாத அன்பினால் அவளே செய்துவிட்டாள் என்றும் சொன்னார். அவருடைய கொடிக்காலின் மீது அவளுக்கு அவ்வளவு அன்பு இருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆகவே இருவர் மீதும் ஒரே வழக்குத் தொடுக்கப்பட்டது.

இனிக் காவல். இதில்தான் என் தந்தையாரின் நல்ல மனம் வந்து நிற்கிறது. குற்றம் தெளியாதவரைக் கொட்டிலில் அடைத்து அவமதித்தல் ஆகாது என்று கருதி அவர் ஓர் ஆணை பிறப்பித்தார்: குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்கு நிலையும் தாழும் உள்ள கதவு இருக்குமாயின், அவர் தம் கதவுக்குள்ளேயே இருந்து வழக்கை எதிர்நோக்குக, வெளியே ஒரு காவலன் நிற்க, கதவில்லாதவர்க்கு அரசே இடம் தருக. இரக்கத்தினால் பிறந்த ஆணைதான். அவர் உலாப்போன வீதிகளில் எல்லா வீட்டுக்கும் கதவு இருந்தது. அவர் வேறென்ன நினைப்பார்? ஒச்சாயியின் குடிசை வாய்க்கால் கரையில் இருப்பது. அதன் வாசலில் தொங்குவது பனையோலைத் தட்டி. எனவே கிழார் தம் வீட்டு ஊஞ்சலிலும் ஒச்சாயி அரசின் கொட்டிலிலும் காவல் வைக்கப்பட்டார்கள். கிழார் வாசலில் நின்ற காவலன் முதல் மாதம் வெயிலில் நின்றான். பிறகு நிழலில் நின்றான். பிறகு உள்ளே போய்க் கிழாரோடு தாயம் உருட்டினான். இப்போது அவனுக்குக் கச்சை போதவில்லை, புதிதாகத் தைத்திருக்கிறார்கள்.

தருமாசனத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரே வழக்கில் நிற்கும் இருவரும் ஒரே பலகையின் மீது வெறுங்காலுடன் சேர்ந்து நின்றால்தான் விசாரணை தொடங்கும். ஒருவர் வாராவிடில் மற்றவர் வழக்கும் நகராது. இதுவும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். வாராதவன்மேல் வந்து நிற்பவன் பழிபோடக் கூடாது என்பதற்காக. ஆனால் ஊஞ்சலில் இருப்பவருக்கு என்ன அவசரம்?

முதலில் கிழாருக்குப் பல்நோவு என்றார்கள். மருத்துவரின் பல்லக்கு அவர் வீட்டுக்குப் போனதை நான் கண்டேன். அன்று மாலையே கோயில் வாசலில், காவலனையும் உடன் வைத்துக்கொண்டு, அவர் கரும்பு கடித்ததைத் தத்தை கண்டாள். அடுத்த தவணைக்கு நாள் நன்றாக இல்லை. அதற்கடுத்த தவணையன்று கிழார் வீட்டில் திருமணம். நடுவர் விடங்கனாரே பந்தியில் முதல் இலையில் அமர்ந்திருந்தார். அவர் கைக்கூலி வாங்குபவர் அல்லர். அதைச் சொல்லியாக வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் கைகூப்பி இன்னும் ஒரு தவணை என்று கேட்கும்போது முகத்தை முறிக்கத் தெரியாதவர். இதனால் முகம் முறியாமல் எல்லாம் முறைப்படி நடந்தது, வழக்கைத் தவிர.

நான் சும்மா இருந்தேன் என்று எண்ண வேண்டா. விரைந்து விசாரிக்குமாறு விடங்கனாருக்கு ஒரு சொல் அனுப்பினேன். அரச குடும்பத்திலிருந்து சொல் வந்ததால் வழக்கு பெரிதாயிற்று என்று கருதி, அதைத் தலைநகருக்கு எழுதிக் கேட்பதாக மேலும் ஒரு பருவம் ஒத்திவைத்தார். அதன் பிறகுதான் தங்களுக்கு எழுதினேன். பட்டும் பலாவும் வந்தன.

இதற்கிடையில் ஒச்சாயியும் நானும் பேசத் தொடங்கிவிட்டோம்.

அரசகுலத்தவள் கொட்டிலில் இருப்பவளோடு பேசலாமா என்று தங்கள் அவையில் எவரேனும் கேட்டால், நான் பேசவில்லை, சாளரத்தில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவள் கீழே நின்று தனக்குத் தானே மறுமொழி சொல்லிக்கொண்டாள் என்று சொல்லிவிடுங்கள். கொட்டிலின் வேலிக்கு அப்பால் கீழைத்தெரு முழுதும் அவளுக்குத் தெரியும். மேலைத்தெரு எனக்குத் தெரியும். மாலையில் இரண்டையும் சேர்த்து ஒரு முழு ஊராக்கி வைத்துக்கொள்வோம். கணக்கர் மனைவி கோபித்துக்கொண்டு போனதை நான் மேலிருந்து பார்த்திருப்பேன். அவள் எந்த வழியாகத் திரும்பி வந்தாள், கையில் என்ன கொண்டுவந்தாள் என்பது ஒச்சாயிக்குத் தெரியும். கிழாருக்குப் பல்நோவாம் என்று நான் சொன்ன நாளில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்தப் பல்லு நாச்சியாரே? கரும்பு கடிச்ச பல்லா, பொய் சொன்ன பல்லா?”

நான் சிரித்த ஒலி எனக்கே புதிதாக இருந்தது. தத்தை அடுக்களையிலிருந்து ஓடிவந்து எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ஒச்சாயியின் கணவன் தங்கள் வடவெல்லைப் படைக்குச் சுமைவண்டி ஓட்டப் போனவன். தாங்கள் வாகை சூடித் திரும்பினீர்கள், அவன் திரும்பவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, மருதி என்று பெயர். அவளைப் பிடித்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. கணவனின் தமக்கை, அவளும் கூலிக்காரியே, குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சந்தை நாள்தோறும் வேலியருகே கொண்டுவந்து காட்டுவாள். முதலில் குழந்தை வேலிக்குள் கையை நீட்டித் தாயின் மூக்கைப் பிடிக்கும். கிழாரின் பல்நோவின்போது அது எழுந்து நின்றது. நாள் நன்றாக இல்லாத தவணையில் நடந்தது. கிழார் வீட்டுத் திருமணத்தின்போது பேசத் தொடங்கியது. தருமாசனத்தின் தவணைகளை இவ்வூரார் வேறு எப்படிக் கணக்கிடுகிறார்களோ அறியேன். நான் மருதியை வைத்தே கணக்கிட்டேன்.

சென்ற மாதத்துச் சந்தை நாளன்று குழந்தை வேலியருகே வரவில்லை. அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒச்சாயி பெயர் சொல்லி அழைத்தாள். தான் சேர்த்து வைத்திருந்த வெல்லத்தை நீட்டினாள். குழந்தை அத்தையின் முகத்தைப் பார்த்து, “அம்மா, வீட்டுக்குப் போலாம்” என்றது. அத்தைக்காரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் கெட்டவள் அல்லள். அவள் சொல்லிக் கொடுத்ததும் அன்று. யார் ஊட்டுகிறார்களோ அவர்களை அழைக்கும் வயது. ஒச்சாயி வெல்லத்தை வேலிக்கு வெளியே ஒரு கல்லின் மீது வைத்துவிட்டு, சற்றே விலகி நின்றாள்.

“இனிமே கூட்டிட்டு வராதீக மதினி. பயப்படுது” என்றாள்.

அன்று மாலை நான் சாளரத்தில் நெடுநேரம் நின்றேன். மேலைத்தெருவில் சொல்வதற்கு இரண்டு மூன்று நல்ல செய்திகள் இருந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளே மேலே பார்த்தாள்.

“நாச்சியாரே, ஒரு கதவு என்ன விலை இருக்கும்?” என்று கேட்டாள். “பழசாப் பார்த்து. சின்னதாப் போதும்.”

மருமகனே, ஒரு கதவின் விலை எனக்குத் தெரியவில்லை. இந்த வயதுவரை நான் கதவு வாங்கியதில்லை. வந்து மூடிய கதவுகளோடுதான் வாழ்ந்திருக்கிறேன். மறுநாள் விளக்கைக் கையிலெடுத்துக்கொண்டு மாளிகையை ஒருமுறை சுற்றிவந்தேன். விருந்தினர் அறைக் கதவு, நூலறைக் கதவு, இசைக்கூடக் கதவு, குதிரை லாயத்துக் கதவு என்று எத்தனையோ. ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் முனகியது. எவர் வருவார் என்று இத்தனை கதவுகளை வைத்தார்களோ! இவற்றில் ஒரு சிறு கதவைக் கழற்றி அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் விடங்கனாரை எனக்குத் தெரியும். அது பழுதானது, நிலை சரியில்லை, தாழ் பொருந்தவில்லை, அதைப் பற்றியும் தலைநகருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் குறை சொல்ல முடியாத கதவு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதில் அரச முத்திரை இருந்தது.

அதைத் திறக்கக் கூடாது என்பதுதான் மரபு. கழற்றக் கூடாது என்று மரபில் இல்லை. செப்பேட்டையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன்.

சென்ற வாரம் தருமாசனம் கூடிய நாளைத் தேர்ந்துகொண்டேன். அன்று காலைத் தவணையில் கிழாரின் சார்பில், அவர் குதிகாலில் கடும் பித்தவெடிப்பு கண்டிருப்பதாகவும், வெறுங்காலுடன் பலகையில் நிற்றல் இயலாது என்றும், ஓர் அடி எடுத்து வைப்பதும் வேதனை என்றும் மொழியப்பட்டது. நடுவர் இரங்கி, நாள் குறிக்காமல் ஒத்திவைத்தார். நண்பகலில் தச்சர்கள் வந்தார்கள். கதவையும் நிலையையும் பெயர்த்தெடுத்து இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி வாய்க்கால் கரைக்குப் புறப்பட்டது.

இதில் நான் நினைத்துப் பாராத ஒன்று நிகழ்ந்தது. பெருங்கதவு வெளியே வந்ததைக் கண்ட ஊரார் அனைவரும் நான் இறந்துவிட்டேன் என்று எண்ணிவிட்டார்கள்.

அவர்கள்மேல் பிழை இல்லை. அக்கதவு அசைந்தால் அதற்கு வேறு பொருள் கிடையாது என்று நாமே பல்லாண்டு சொல்லி வைத்திருக்கிறோம். கடைகள் அடைத்தார்கள். சங்கு கேட்டது. மேலைத்தெருவும் கீழைத்தெருவும் மாளிகை முன் வந்து நிறைந்தன. மாடத்தில் ஓலைத் தடுக்கின் பின்னால் நின்று நான் என் சாவைப் பார்த்தேன். எல்லோருக்கும் வாய்ப்பது அன்று. பால்காரி உண்மையாகவே அழுதாள். எனக்கு அளக்கும் பாலை இனி யாரிடம் விற்பது என்ற கவலையும் இருந்திருக்கலாம், ஆயினும் கண்ணீர் கண்ணீர்தான். மற்றவர்கள் நல்ல சாவு என்றார்கள். எனக்கு எத்தனை வயது இருக்கும் என்று தர்க்கித்து, பத்து ஆண்டு கூட்டிச் சொன்னார்கள். இத்தனை பேர் ஒரே தெருவில் இத்தனை அருகில் இருந்தார்கள் என்பதும், உயிரோடு இருந்த வரையில் ஒருவரேனும் பின்சந்து வழியாகவேனும் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்று எண்ணவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு ஒருசேர உறைத்தன. கேட்கக் கூடாது என்று அவர்களுக்கும் எவரோ சொல்லி வைத்திருப்பார்கள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. ஆராவமுதக் கிழார் வந்தார். கையில் மகிழம்பூ மாலை. சாவு வீட்டுக்குச் செருப்பணிந்து வரலாகாது என்பதால் வெறுங்கால். வீட்டிலிருந்து இவ்வளவு தொலைவும், நடுத்தெருவின் சரளைக் கல்லில், பல்லக்குமின்றித் திருத்தமாக நடந்து வந்திருந்தார். பக்கத்தில் நடுவர் விடங்கனார், தலைகுனிந்து.

நான் தடுக்கை விலக்கினேன்.

“கிழாரே, குதிகால் ஆறிவிட்டதா?”

இதைவிடப் பெரிய சொல் ஒன்றை என் சாவிலிருந்து எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது வாயில் வந்தது அதுதான். பிறகு கீழைத்தெருப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், “மாலையப் போட்டுட்டே போங்க கிழாரே, வாங்கினது வீணாப் போகுது” என்றது. அதன் பிறகு எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. விடங்கனார் கிழாரின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தார். ஓராண்டுக்கு மேலாக அவர் பார்க்கத் தவறிய இடம் அது.

மாலையில் கதவு வாய்க்கால் கரையில் நடப்பட்டது. குடிசையின் சுவர் அதைத் தாங்காது என்பதால், கதவை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றிக் குடிசையைத் திருத்திக் கட்டினார்கள். கூரை நிலைக்கு மேலே ஒரு சாண் மட்டுமே எழுந்து நிற்கிறது என்று தத்தை சொல்கிறாள். விடங்கனார் நேரில் சென்று, நிலையைத் தட்டினார், தாழை இழுத்தார், முத்திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குறை சொன்னால் அரச முத்திரையைக் குறை சொன்னதாகும். ஒச்சாயியைத் தன் கதவுக்குள் காவல் வைக்குமாறு ஆணை எழுதினார். அவள் அங்கே போய்விட்டாள். அவள் குடிசையில் தொங்கிய பனையோலைத் தட்டியை இங்கே கொண்டுவரச் செய்து, என் மாளிகை வாசலில் கட்டச் சொன்னேன். காற்றுக்கு அது ஓயாமல் படபடக்கிறது. நேற்று ஓர் ஆடு அதை முட்டிக்கொண்டு முற்றம்வரை வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதைத் தவிர வேறெவரும் வரவில்லை.

மருதியை அத்தைக்காரி அவளிடம் கொண்டுவிட்டாளாம். குழந்தை முதல் நாள் முழுதும் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்ததாம். மறுநாள் கதவில் செதுக்கிய நாரையின் கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்ததாம். இப்போது கதவின் அடிச்சட்டத்தில் ஏறி நின்றுகொண்டு ஆட்டச் சொல்கிறதாம். இன்னும் அம்மா என்று அழைக்கவில்லை. ஆனால் அத்தை ஆட்ட வந்தால் விடுவதில்லை. “நீ ஆட்டு” என்று ஒச்சாயியைத்தான் விரல் காட்டுகிறதாம். தத்தை இதைச் சொன்னபோது நான் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

இனி ஆணைக்கு வருகிறேன்.

என் பெருங்கதவுக்கு உட்பட்ட இடமெல்லாம் என் சொல்லே ஆணை என்று செப்பேடு கூறுகிறது. அக்கதவு இப்போது ஊரின் எல்லையில் வாய்க்கால் கரையில் நிற்கிறது. ஆகவே என் மாளிகைக்கும் அக்கதவுக்கும் இடைப்பட்ட மேலைத்தெரு, கீழைத்தெரு, சந்தை, கிழாரின் வீடு, தருமாசன மண்டபம் ஆகியவை அனைத்தும் என் கதவுக்கு உள்ளே அடங்குகின்றன. இதைச் செப்பேட்டுடன் விடங்கனாருக்குக் காட்டினேன். அவர் இருமுறை படித்தார், வியர்த்தார், மறுக்கவில்லை. எனவே என் ஆணையாவது: வருகின்ற வளர்பிறைப் பஞ்சமியன்று தருமாசனம் கூடுக, கிழாரும் ஒச்சாயியும் ஒரே பலகையில் வெறுங்காலுடன் நிற்க, பல், நாள், திருமணம், குதிகால் என்று எதுவும் கேட்கப்படாது இருவர் சொல்லும் கேட்கப்படுக. கரையை வெட்டியவள் அவள். அதற்குரிய தண்டம் இருந்தால் அவள் ஏற்பாள், அதை அவளே சொல்கிறாள். வெட்டச் சொன்னவர் யார் என்பதும் அன்றே தெளிக. அதுவரை கிழார் காவற்கொட்டிலில் இருப்பாராக. அவர் வீட்டில் கதவு உண்டே என்றால், என் பெருங்கதவுக்குள் இருக்கும் வீட்டின் கதவு அறைக்கதவே அன்றி வாயிற்கதவு ஆகாது. கொட்டில் காலியாகத்தான் இருக்கிறது. மாலையில் நான் சாளரத்தில் இருப்பேன். அவருக்கும் பேச்சுத்துணை வேண்டுமானால் தொடங்கட்டும்.

தங்களிடம் வேண்டுவது ஒன்று. ஒரு வழக்கில் நிற்கும் இருவர் காத்திருக்கும் இடமும் ஒன்றாகுக என்று தாங்கள் ஓர் ஆணை தருவீர்களாயின், நாடெங்கும் செல்வர்களின் பற்கள் விரைவில் குணமாகும். மற்றபடி, கதவோடு ஆட்சி நகருமா என்னும் ஐயத்தைத் தாங்கள் மறுமொழி எழுதித் தீர்க்கும்வரை என் ஆணை நிற்கும் என்று விடங்கனார் ஒப்புக்கொண்டிருக்கிறார். மருமகனே, எனக்கு மறுமொழி எழுதாதிருப்பது தங்கள் வழக்கம். இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இம்முறை அவ்வழக்கத்தை வழுவாது காத்தருள வேண்டுகிறேன். எழுதியே தீர்வதென்று தங்கட்குத் தோன்றினாலும் கவலையில்லை. இவ்வோலையைக் குதிரைவீரனிடம் கொடுக்கவில்லை. ஊர்ஊராக நின்று போகும் உப்பு வண்டியில் வைத்து அனுப்புகிறேன். வண்டிக்காரர் வழியில் தம் மகள் வீட்டில் தங்குவார். தாமதத்தின் பயன் இதுவரை ஒருவருக்கே கிடைத்தது. இம்முறை மற்றவளுக்கும் சிறிது கிடைக்கட்டும்.

இன்னும் ஒன்று. அரச காரியம் அன்று. எழுத இடமிருப்பதால் எழுதுகிறேன். ஒச்சாயி போனபின் கீழைத்தெரு எனக்கு இல்லாமற் போயிற்று. மேலைத்தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பாதிச் செய்திதான் வருகிறது. ஊர் முழுதும் என் கதவுக்குள் வந்துவிட்டது. ஆயினும் மாலையில் கொட்டிலின் முற்றத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

கதவைக் கடத்தல் ஆகாது என்றுதான் எனக்கு விதித்திருக்கிறார்கள். கதவுவரை நடத்தல் ஆகாது என்று விதிக்கவில்லை. நாளை விடிந்ததும் தத்தையை அழைத்துக்கொண்டு நடந்து போகப் போகிறேன். இறந்தவள் தெருவில் நடந்து வருகிறாள் என்று மேலைத்தெரு பார்க்கும். பார்க்கட்டும், பேசுவதற்கு அவர்களுக்கும் ஒன்று வேண்டும். தாங்கள் அனுப்பிய செந்நிறப் பட்டை மருதிக்குச் சிற்றாடையாக வெட்டி வைத்திருக்கிறேன். போய் என் கதவை நானே தட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து தாழை நீக்கிக் கதவைத் திறக்க ஓர் ஆள் இருக்கிறாள் என்பது எனக்குப் புதிது.

இவ்வோலை தாழைநாட்டு நாரை முத்திரையின் இணைமுத்திரையாகிய என் சிறுமுத்திரையால் பொறிக்கப்பட்டது. மெழுகு பழையதாகையால் நாரையின் ஒரு கால் பதியவில்லை. ஆணை நிற்க ஒரு கால் போதும். இதிற் கண்டவாறு ஓடைமங்கலத்துத் தருமாசனம் ஒழுகுக. தடுப்பார் எவராயினும் என் கதவுக்குள் நின்றே தடுக்கிறார் என்பதை அறிக. தங்கள் குலம் தழைக்க; பிறக்கும் பிள்ளைக்கு என் பெயர் வைக்க வேண்டா.

தட்டி தொங்கும் வாசலில் இருந்து, இளநங்கை.